ஆறு பேர், மூன்று ருசி, மாதம் ஒரு நாவல்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கும் ஆறு ஆசிரியைகள் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, மாதம் ஒரு புது நாவல் வாங்கிச் சுற்றுக்கு விடுகிறீர்கள். இருவருக்குக் காதல் கதைதான் வேண்டும். இருவருக்கு மந்திரமும் மாயமும் கலந்த ஃபேன்டஸி. மற்ற இருவருக்குக் கொலையும் துப்பும். வாங்கியதை ஒருவர் ரசித்தால் மற்றவர்கள் பாதியில் வைத்துவிடுகிறார்கள். சமீபத்தில் வந்ததில் நல்ல பெயர்களாகச் சொல்லுங்கள், தமிழ் முதலில், எளிய ஆங்கிலம் என்றாலும் சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் கடைசியில், நான் சொல்லி வாங்கிய புத்தகம் பிடிக்காமல் போனால் ஸ்டாஃப் ரூமில் முகம் கொடுக்க முடியவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். பட்டியல் கிடைத்துவிட்டால் அந்தச் சங்கடம் போய்விடாது. ஒருவருக்கு இன்னொருவர் புத்தகம் சொல்வது எப்படி என்பதுதான் நிஜமான கேள்வி. பெயர்களும் சொல்கிறேன், அந்த வழியையும் சொல்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் நெடுங்காலம் வாடகை நூல் நிலையம் நடத்தியவன். மாத நாவல்களும், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து பைண்டு செய்த தடித்த புத்தகங்களும்தான் கடையின் முதல். ஆகவே எனக்குத் தெரிந்தது இலக்கிய விமர்சனம் அல்ல. யார் எதை எடுத்துப் போனார்கள், எவ்வளவு சீக்கிரம் திருப்பிக் கொடுத்தார்கள், அடுத்து எதைக் கேட்டு வந்தார்கள் என்பதுதான் என் படிப்பு. இதில் ஒரு குறை உண்டு. போனிலேயே வாசித்து முடிப்பவர்கள் என் கடைப்படி ஏறியதில்லை. அவர்களைப் பற்றி நான் சொல்வது வீட்டுப் பெண்களிடம் கேட்டும், நானே அந்த ஆப்களுக்குள் போய்ப் பார்த்தும் தெரிந்துகொண்டது. இன்னொன்று, மூன்றில் மர்மம்தான் என் சொந்த ருசி. ஃபேன்டஸி பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாடகைப் புத்தகத்தில் இரண்டு வகை அடையாளம் இருக்கும். ஒன்று, இதை வாசித்தாயிற்று என்று தனக்கே ஞாபகம் இருப்பதற்காக வாடிக்கையாளர் போட்டு வைக்கும் குறி. ஒருவர் குறிப்பிட்ட ஒரு பக்க எண்ணைப் பென்சிலால் வட்டமிடுவார், இன்னொருவர் கடைசிப் பக்க ஓரத்தில் சின்ன நட்சத்திரம் போடுவார். மற்றது மடக்கிய மூலை. திரும்பி வந்த புத்தகத்தை விரலால் சரசரவென்று ஓட்டினால் எங்கே நிறுத்தினார்கள் என்று தெரிந்துவிடும். பல பேர் கையில் போய்வந்த புத்தகத்தில் மூலைகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் மடங்கியிருக்கும். சரித்திர நாவல் என்றால் கோட்டை வர்ணனை மூன்றாவது பக்கத்தைத் தாண்டும் இடம். காதல் நாவல் என்றால், ஒரு வார்த்தை பேசினால் தீர்ந்துவிடும் மனஸ்தாபத்தை ஆசிரியர் நாற்பது பக்கம் இழுக்கும் இடம். கிரைம் நாவல் என்றால் சம்பந்தமே இல்லாத ஊரில் சம்பந்தமே இல்லாத ஆட்களோடு இரண்டாவது கதை தொடங்கும் இடம்.

அந்த மூலைகளைப் பார்த்துத்தான் நான் ஆளைப் படித்தேன். புதிதாக வந்த ஒருவர் "நல்ல புக்கா குடுங்க அண்ணாச்சி" என்றால், என்ன பிடிக்கும் என்று கேட்பதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். எல்லோரும் "எதுன்னாலும் படிப்பேன்" என்பார்கள், அது உண்மையாக இருந்ததே இல்லை. "கடைசியா எதைப் பாதியில வச்சீங்க, எதனால?" என்று கேட்டால் பதில் தெளிவாக வரும். "ரொம்ப அழுகை", "எல்லாரும் கெட்டவனா இருக்கான்", "பேரு பேரா வருது, யாரு யாருன்னு தெரியல." இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. உங்கள் ஆறு பேரும் முதலில் செய்யவேண்டியது இதுதான். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டில், கடைசியாக விட்ட புத்தகத்தையும் விட்ட காரணத்தையும் எழுதுங்கள். காதல் கோஷ்டியும் மர்மக் கோஷ்டியும் ஒரே காரணத்துக்காகப் புத்தகத்தை வைத்தவர்களாக இருப்பார்கள் என்பது என் அனுமானம். அப்படி இருந்தால் உங்களுக்கு நடுவே ரகச் சண்டையே இல்லை, வேகச் சண்டைதான்.

சரி, காதலுக்கு வருவோம். காதல் கதை வாசிப்பவர்களை மற்றவர்கள் இளக்காரமாகப் பார்ப்பது வழக்கம். என் கடையில் மிகக் கறாரான ஆட்கள் அவர்கள்தான். புத்தகத்தைக் கையில் வாங்கும்போதே ஓர் ஒப்பந்தம் போட்டுவிடுவார்கள். "அண்ணாச்சி, கடைசில ரெண்டு பேரும் சேந்துருவாங்கல்லா?" அதற்கு ஆம் என்று பதில் வந்த பிறகுதான் நோட்டில் பெயர் எழுதுவார்கள். ரமணிசந்திரன் புத்தகங்கள் அத்தனை கைமாறியதற்குக் காரணம் இந்த ஒப்பந்தம்தான் என்று நினைக்கிறேன். நடுவில் எவ்வளவு மனஸ்தாபம் வந்தாலும் அட்டையை மூடும்போது மனசு லேசாக இருக்கும் என்ற நம்பிக்கை. இந்த வாசகரிடம் போய், காதலைப் பற்றி நம் பக்கத்தில் எழுதியதிலேயே உயர்ந்தது என்று வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலைக் கொடுத்தால் அது ஒப்பந்த மீறல். அதில் பிலோமியும் சாமிதாஸும் நம்மோடேயே நடமாடுவதுபோல் இருக்கும், நானே பல தடவை வாசித்திருக்கிறேன். ஆனால் கல்யாணச் சாப்பாட்டில் முடியும் கதை தேடுபவருக்கு அது அல்ல. இமையத்தின் 'செல்லாத பணம்' சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல், காதலித்து வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணின் கதை. அதைக் காதல் நாவல் என்று நம்பி ஒருவர் பஸ்ஸில் பிரித்தால் பாவம், வீடு வந்து சேர்வதற்குள் உடைந்துபோவார். பெருமாள்முருகனின் 'நெடுநேரம்' 2022-இல் வந்தது. காதலும் அதற்குக் குறுக்கே நிற்கும் ஊரும் அதில் இருக்கின்றன, ஆனாலும் அது வேறு கணக்கு. இவற்றை வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை. காதல் என்ற அட்டையை ஒட்டி நீட்டவேண்டாம் என்கிறேன்.

ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் புதிய காதல் நாவல்கள் எங்கே இருக்கின்றன? புத்தகக் கடை முகப்பு அலமாரியில் தேடினால் கிடைக்காது. இதை உறுதியாகவே சொல்லலாம். 2014-இல் கதை எழுதவும் வாசிக்கவுமான இணையத் தளமான பிரதிலிபி வந்தது, 2016-இல் அமேசானின் மின்நூல் கடையான கிண்டில் தமிழுக்குத் திறந்தது. அதற்கு முன்பிருந்தே பெண் எழுத்தாளர்கள் தங்கள் சொந்தத் தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். இன்றைய தமிழ்க் காதல் நாவல் முதலில் போனில்தான் பிறக்கிறது. "அடுத்த யூடி எப்போ சிஸ்?" என்று கீழே வரிசையாகக் கேட்டிருப்பார்கள். யூடி என்றால் அடுத்த அத்தியாயம். கதை முடிந்ததும் மின்நூலாகும், நன்றாக ஓடினால் அச்சில் வரும். மல்லிகா மணிவண்ணன் இப்படி இணையத்தில் வளர்ந்து அச்சுக்கு வந்தவர். காஞ்சனா ஜெயதிலகர் மாத நாவல் காலத்திலிருந்தே வருபவர், குடும்பமும் காதலும் அளவாகக் கலந்து கொடுப்பார், அதட்டல் குறைவு. கடையில் புது அட்டையோடு நிற்கும் காதல் நாவலைப் பெரும்பாலும் ஏற்கெனவே ஆயிரக்கணக்கானோர் வாசித்து முடித்திருப்பார்கள். ஆகவே உங்கள் காதல் கோஷ்டி அச்சுப் புத்தகத்துக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

இதில் இரண்டு எச்சரிக்கை. முதலாவது, தொடராக எழுதியது நடுவில் சதை போடும். ஒவ்வொரு வாரமும் எதையாவது கொடுத்தாக வேண்டிய நெருக்கடியில் சித்தியும் அத்தையும் புதிதாக முளைத்துவிடுவார்கள். முதல் அத்தியாயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், முதல் அத்தியாயம் எல்லோருக்கும் நன்றாகத்தான் வரும். சரிபாதியில் ஓர் அத்தியாயத்தைத் திறந்து வாசியுங்கள். அங்கேயும் அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருந்தால் வாங்கலாம். இரண்டாவது, ஆன்டி ஹீரோ கதைகள். கோபத்தில் கட்டாயத் தாலி கட்டுவான், அவளை அழவைப்பான், பிறகு திருந்துவான். இதற்கென்றே பெரிய வாசகர் கூட்டம் இருக்கிறது. ரசிப்பவர்களைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் ஆறு பேர் சுற்றுக்கு விடும் புத்தகத்தில் அது யாரோ ஒருவருக்கு வயிற்றைப் புரட்டும். கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. கீழே இருக்கும் விமர்சனங்களை இதற்கு நம்பமுடியாது. அவை எழுதியவரை உற்சாகப்படுத்தப் போட்டவை, எல்லாம் சூப்பர், அருமை, வாழ்த்துகள். எங்காவது மூன்று நட்சத்திரம் கொடுத்துவிட்டு நீளமாக எழுதியிருப்பார் ஒருவர், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

ஆங்கிலத்தில் என்றால் எமிலி ஹென்றியின் 'புக் லவ்வர்ஸ்', 2022. பதிப்புத் தொழிலில் இருக்கும் இருவர், ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பிடிக்காது. சண்டை போடும் வசனங்களுக்காகவே வாசிக்கலாம், கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். படுக்கையறைக் காட்சி கொஞ்சம் உண்டு, அதையும் சொல்லியே கொடுங்கள்.

மர்மத்தில் நான் கொஞ்சம் அதிகமாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மர்ம நாவல் பிடிக்கும் என்று சொல்லும் இரண்டு பேருக்கு ஒரே புத்தகம் பிடிக்கவேண்டும் என்று விதி இல்லை. அடுத்து என்ன ஆகும் என்ற பரபரப்புக்காக வாசிப்பவர் ஒரு ஜாதி. யார் செய்தது என்று தானும் கூடவே கணக்குப் போடுபவர் இன்னொரு ஜாதி. ஏன் செய்தான் என்று மனசைத் தோண்டுவதில் ருசி உள்ளவர் மூன்றாவது. முதல் ஜாதிக்கு ராஜேஷ்குமார் இன்றும் அசைக்கமுடியாதவர். கோவையில் ஒரு கதை, சம்பந்தமில்லாமல் வேறு ஊரில் ஒரு கதை என்று மாறிமாறி ஓட்டி, கடைசியில் இரண்டையும் கொண்டுபோய் ஒரே இடத்தில் முட்டவிடுவது அவர் கட்டுமானம். நான் மேலே சொன்ன மடக்கிய மூலை இந்த இரண்டாவது கதை தொடங்கும் இடம்தான். அது பழகிவிட்டவர் வேறு எதையும் தொடமாட்டார். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலாவும் சுபாவின் நரேன்-வைஜயந்தியும் இதே வாசகருக்குத்தான், கேலியும் கிண்டலும் கூடுதல். சுஜாதாவின் கணேஷ்-வசந்த் இரண்டாம் ஜாதியையும் திருப்திப்படுத்தும். 'கொலையுதிர் காலம்' புதியதல்ல, ஆனால் வாசிக்காதவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் அவருக்குப் புதியதுதான். பேயா விஞ்ஞானமா என்று கடைசி வரைக்கும் இழுத்துக்கொண்டு போவதால் ஃபேன்டஸிக்காரர்களும் கூடவே வருவார்கள். அச்சில் வரும் புது மர்மத் தொகுப்புகளில் பாதி, பழைய மாத நாவல்களின் மறுபதிப்பு. வாங்குமுன் முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று உள்பக்கத்தில் பாருங்கள். அந்த ஆண்டே போடாத பதிப்பகங்களும் உண்டு, அது வேறு வயிற்றெரிச்சல்.

மூன்றாம் ஜாதிக்கு ஜப்பானியர் கெய்கோ ஹிகாஷினோவின் 'த டெவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்'. ஜப்பானில் 2005, ஆங்கிலத்தில் 2011. கொலை யார் செய்தது என்று ஆரம்பத்திலேயே காட்டிவிடுவார். பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார், உயர்நிலைப் பள்ளியில் பாடம் எடுப்பவர், அந்தக் கொலையை மறைக்க ஒரு திட்டம் போடுகிறார். அவரோடு படித்த பௌதிகப் பேராசிரியர் ஒருவர் அதை உடைக்கப் பார்க்கிறார். உங்கள் ஸ்டாஃப் ரூமில் கணக்கு டீச்சர் இருந்தால் முதலில் அவரிடம் கொடுங்கள். வாக்கியங்கள் சின்னவை, ஆங்கிலம் தடுக்காது. பெயர்கள்தான் முதல் அத்தியாயத்தில் குழப்பும். ஒரு தாளில் நான்கு பெயரையும் யார் யார் என்றும் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டால் போதும். இதோடு ஒப்பிட்டால் ரிச்சர்ட் ஆஸ்மனின் 'த தர்ஸ்டே மர்டர் கிளப்', 2020, சிரித்துக்கொண்டே வாசிப்பது. ஓய்வுபெற்றோர் குடியிருப்பில் நாலு கிழவர் கிழவிகள் துப்புத் துலக்குகிறார்கள். ஆங்கில நகைச்சுவை பிடிபடாதவருக்கு அது சப்பென்று இருக்கும்.

இனி ஃபேன்டஸி. தமிழ்ப் புத்தகக் கடையில் இதற்கென்று ஒரு தட்டு பெரும்பாலும் கிடையாது. அதனால் தமிழில் ஃபேன்டஸியே இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அம்புலிமாமாவும் விக்கிரமாதித்தனும் சரித்திரத் தொடரும் சித்தர் கதையும் அமானுஷ்யக் கதையும் இத்தனை காலமும் அந்தப் பசிக்குத்தான் சோறு போட்டன. அதிலும் நம் சீமைக்காரர்களுக்கு இது அச்சுக்கு வருவதற்கு முன்பே காதில் விழுந்தது. கொடை விழாவில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு, விளக்குச் சுடரிலிருந்து பிறந்து, கைலாசத்தில் சுடுகாட்டுப் பிணத்தைத் தின்று, பூமிக்கு அனுப்பப்பட்ட சுடலைமாடனைத் தெரியும். காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு ஏன் செருப்பைக் காணிக்கை கொடுக்கிறார்கள் என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பட்டவராயன் என்று கும்பிடப்படும், பிராமணனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் காதலித்து, பூணூலைக் களைந்து, குடுமியை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களைக் கட்டினான். மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான், பெண்கள் இருவரும் தீப்பாய்ந்தார்கள். நாங்குநேரிக்காரரான நாட்டுப்புறவியல் அறிஞர் நா. வானமாமலை இந்தக் கதைப்பாடலைத் தேடிப் பதிப்பித்தார். காதல், சண்டை, தெய்வமாதல் மூன்றும் உள்ள இதைவிடப் பெரிய கதையை ஆங்கிலத்தில் அட்டை மின்ன வரும் தடித் தொகுதிகள் எதிலும் நான் பார்க்கவில்லை. இதை எடுத்து இன்றைய வேகத்தில் முழு நாவலாக யாராவது எழுதவேண்டும் என்பது என் தீராத ஆசை.

ஆகவே ஃபேன்டஸி கேட்கும் இருவரிடம் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள். வேண்டியது வேறு உலகமா, நம் உலகத்துக்குள்ளேயே நடக்கும் விசித்திரமா? இரண்டாவது என்றால் தமிழில் குறையே இல்லை. இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார், புதிதாக இனி வராது. ஆனால் சித்தர், மலை, கோயில் ரகசியம், கூடவே ஒரு துப்பு என்று அவர் எழுதிக் குவித்ததில் உங்கள் குழு தொடாதது நிறைய இருக்கும். ஜெயமோகனின் 'குமரித்துறைவி', 2021, ஒரே மூச்சில் வாசிக்கும் அளவுதான். ஆரல்வாய்மொழியில் மறைத்து வைக்கப்பட்டிருந்த மதுரை மீனாட்சியை மகளாக வரித்து ஊரே கூடிக் கட்டிக்கொடுத்து அனுப்பும் கதை. வில்லன் என்று ஒருவர் கிடையாது. நல்லதே நடக்கும் கதை கேட்கும் காதல் கோஷ்டிக்கும் இது தோதுப்படும், நான் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். அவருடைய 'வெண்முரசு' 2014-இல் தொடங்கி 2020-இல் முடிந்த மகாபாரத நாவல் வரிசை, 26 நாவல்கள், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. உலகத்தையே புதிதாகக் கட்டவேண்டும் என்பவருக்கு அதற்கு மிஞ்சியது தமிழில் இல்லை. ஆனால் அதன் மொழி தனித்தமிழ், மெதுவாகத்தான் நகரும். அதைக் குழுவாக வாங்கவே வாங்காதீர்கள். பிடித்தவர் தனியாக உள்ளே போகட்டும்.

வேறு உலகம்தான் வேண்டும் என்றால் ஆங்கிலத்துக்குத்தான் போகவேண்டும். ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்', 2023, போர்க் கல்லூரி, டிராகன் சவாரி, எதிரி வீட்டுப் பையனோடு காதல். இப்போது உலகம் முழுக்க ஓடும் காதல்-ஃபேன்டஸிக் கலவைக்கு இதுதான் முகம். வேகம் இருக்கிறது, எழுத்து சுமார், பெரியவர்களுக்கான காட்சிகள் வெளிப்படையாக இருக்கின்றன. பள்ளி மேசையில் கிடக்கவேண்டிய புத்தகம் அல்ல, மாணவிகள் அட்டை அழகைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். டிராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்', 2022, நேர் எதிர். சண்டை போட்டு அலுத்த ஓர் அரக்கிப் போர்வீரி ஓர் ஊரில் காப்பிக் கடை வைக்கிறாள், அவ்வளவுதான் கதை. பரீட்சைத் தாள் திருத்திக் களைத்த இரவுக்கு நல்லது. கதை எங்கே என்று கேட்பவருக்கு உதவாது. நம் பக்கத்தில் சிவகாசியிலிருந்து ஆங்கிலத்தில் எழுதும் அனுஜா சந்திரமௌலி இருக்கிறார். புராணப் பாத்திரங்களை எடுத்து எழுதுபவர், அர்ஜுனனைப் பற்றிய நாவலில் தொடங்கினார். அவற்றை எளிதாக வாசித்துவிடலாம்.

ஆறு பேருக்கு ஒரே புத்தகம் என்பது உங்கள் கட்டாயம். அதற்கு ஒவ்வொரு மாதமும் ஒரு கோஷ்டிக்கு முறை வைத்தால் மற்ற நால்வரும் அந்த மாதம் பட்டினி. என்னுடைய யோசனை, இரண்டு ரகம் தையல் போட்ட இடத்தில் இருக்கும் புத்தகமாகப் பார்த்து வாங்குவது. முதல் மாதத்துக்கு ஜெயமோகனின் 'கதாநாயகி', 2022. மலைக்குள் காணிக்காரப் பழங்குடிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தப் போகும் இளம் ஆசிரியர், ஆளில்லாத பழைய வெள்ளைக்காரன் பங்களாவில் தங்கி, அங்கே கிடைத்த ஓர் ஆங்கில நாவலை வாசிக்கத் தொடங்குகிறார். அதற்கு மேல் சொன்னால் கெட்டுவிடும். கோதையாறு காடு, அதாவது மாஞ்சோலை ஏறி அந்தப்புறம் போனால் வரும் காடு. ஆசிரியர் வேலை, தெரிந்த மலை, பேயா பிரமையா என்ற மர்மம் மூன்றும் இருப்பதால் ஆறு பேரில் நால்வராவது முடிப்பார்கள் என்று நினைக்கிறேன். உள்ளே அந்த ஆங்கில நாவலின் பகுதிகள் நீளமாக வரும் இடத்தில் சிலர் மூலையை மடக்கலாம். "அங்கே கொஞ்சம் தாண்டிப் போங்க" என்று முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது மாதத்துக்கு ஹரிணி நாகேந்திராவின் 'த பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்', 2022. 1921-இன் பெங்களூர், புதிதாகக் கல்யாணமான காவேரி, கணக்கில் கெட்டிக்காரி. டாக்டர் கணவர் ராமு அவள் துப்புத் துலக்குவதைத் தடுக்காமல் துணை நிற்கிறார். கொலையும் உண்டு, கல்யாணத்துக்குப் பிறகு மலரும் காதலும் உண்டு, ரத்தக்களறி இல்லை. புதிரின் முடிச்சு ரொம்பச் சிக்கல் என்று சொல்லமாட்டேன், கெட்டிக்கார மர்ம வாசகர் பாதியில் ஊகித்துவிடலாம். அந்த இருவருக்கு அதே வருஷத்து பம்பாயில் நடக்கும் சுஜாதா மாஸ்ஸியின் 'எ மர்டர் ஆன் மலபார் ஹில்' கூடுதல் திருப்தி தரும். பெண் வக்கீல், பர்தாவில் வாழும் மூன்று விதவைகள், ஓர் உயில். மூன்றாவது மாதம் சூசன்னா கிளார்க்கின் 'பிரனேசி', 2020, மெல்லிய புத்தகம். முடிவே இல்லாத மண்டபங்கள், கீழ்த்தளத்தில் அலையடிக்கும் கடல், அங்கே ஏறக்குறைய தனியாக வாழும் ஒருவனின் நாட்குறிப்பு. முதல் ஐம்பது பக்கம் ஒன்றும் புரியாது, புரியாமலிருப்பதுதான் புதிர். நிறுத்தாமல் ஓட்டினால் துப்பறியும் கதையாகத் திரும்பும். இதில் காதல் இல்லை, காதல் கோஷ்டிக்கு அந்த மாதம் போனில் ஒரு நாவல் என்று சமாதானம் செய்துகொள்ளுங்கள். இந்த மூன்றும் ஓடிவிட்டால் ராபர்ட் ஜாக்சன் பென்னெட்டின் 'த டெயின்டட் கப்', 2024. ராட்சதக் கடல் மிருகங்கள் மிரட்டும் ஒரு சாம்ராஜ்யத்தில், ஒருவன் உடலுக்குள்ளிருந்து மரம் முளைத்துச் செத்துக் கிடக்கிறான், யார் செய்தது? 2025-இல் ஹியூகோ விருது வாங்கியது. ஃபேன்டஸியும் சுத்தமான துப்பும் சரிபாதி, ஆனால் இந்த வரிசையில் ஆங்கிலம் கடினமானது இதுதான்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்காகத்தான் தமிழ்ப் புது நாவல்கள் கூட்டமாக வெளிவருகின்றன, அதையொட்டி நம் ஊரில் பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கிறது. அந்தச் சமயத்துக்குப் பணத்தைச் சேர்த்து வைப்பது புத்திசாலித்தனம், புரட்டிப் பார்த்து வாங்கலாம். கல்கியும் புதுமைப்பித்தனும், தமிழ் நூல்களை இணையத்தில் போட்டு வைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசம். புதுமைப்பித்தனின் பேய்ச் சிறுகதையான 'காஞ்சனை'யை ஆறு பேரும் ஒரு மதிய இடைவேளையில் வாசித்துவிட்டுப் பேசிப் பாருங்கள், யாருக்கு எந்த அளவு அமானுஷ்யம் ஒத்துக்கொள்ளும் என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். டெலிகிராமில் பி.டி.எஃப். வரும், யாரிடமும் கேட்காதீர்கள். சொந்தப் பணம் போட்டு அச்சடிக்கும் அந்த இணைய எழுத்தாளர்கள் அதில்தான் நொடிந்துபோகிறார்கள்.

ஸ்டாஃப் ரூமில் முகம் கொடுப்பது பற்றி. புத்தகத்தைச் சொல்பவர் கதையைச் சொல்லவேண்டாம், ரொம்ப நல்லாருக்கும் என்ற வார்த்தையும் வேண்டாம். அட்டைக்குள் ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதி ஒட்டட்டும்: எந்தப் பக்கத்தில் கதை பிடிக்கத் தொடங்கும், யாருக்கு இது ஒத்துவராது, எதைக் கண்டு முகம் சுளிக்க வாய்ப்பு இருக்கிறது. காதல் கதை என்றால் மட்டும் நான்காவதாக, சேருவார்களா மாட்டார்களா. யாருக்கு ஒத்துவராது என்று நீங்களே முதலில் எழுதிவிட்டால், பாதியில் வைத்தவர் உங்களைக் குறைசொல்ல முடியாது. நீங்கள் சொன்னது சரியாகிவிட்டது என்றுதான் ஆகும். பாதியில் வைத்தவர், வைத்த இடத்தில் மூலையை மடக்காமல் அதே சீட்டில் பக்க எண்ணை எழுதட்டும், புத்தகமாவது பிழைக்கும். நாலைந்து மாதச் சீட்டுகள் சேர்ந்ததும் இங்கேயே எழுதுங்கள், அடுத்த வரிசையை அதை வைத்துச் சொல்கிறேன்.